ஈரம் காய்வதற்குள்...

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய சாலையில், பெரம்பலூரைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் வாலிகண்டபுரம் வருகிறது. வாலி பூஜித்த தலம் என்று ஐதீகம். வாலீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் உண்டு. அருகே ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல் பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் இந்த வட்டாரத்தில்தான் மோதிக்கொண்டார்கள். சரித்திரப் பிரியர்கள் அதையெல்லாம் கவனித்துக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரை ஆடுகளைப் பற்றியது.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் செம்மறி ஆடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும். 'திருச்சிக் கறுப்பு' என்று கால்நடை இலாகாவினர் பெயர் சொல்லுவார்கள். அறுவடை முடிந்த காட்டில் கிடை போட்டிருந்த அப்படிப்பட்ட மந்தை ஒன்றில், குட்டி போட்டு அரை நாள்கூட ஆகாத ஒரு இளம் ஆடு, காலடியில் தள்ளாடி வந்த தன் குட்டியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. குட்டி விழும், எழுந்திருக்கும், மறுபடி மடியைத் தேடிப் போகும், மறுபடி ஒரு முட்டு. பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏன் ஆயா, பெத்த குட்டியையே இப்படி முட்டுதே?" என்று கேட்டோம்.

கிடையில் இருந்த கிழவி சிரித்தாள். "தலைச்சன் ஈத்து, கண்ணு. அதுக்கு என்ன தெரியும்? என்னமோ ஒண்ணு காலுக்குள்ள வந்து கத்துதேன்னு நினைக்குது. உப்புத் தண்ணியைத் தடவி விட்டா நக்கும். ஒரு தரம் நக்கிடுச்சுன்னா அப்பறம் விடாது."

"நக்காவிட்டால்?"

"காலைக் கட்டிப் போட்டு ஊட்ட விடணும். ரெண்டு நா, மூணு நா ஆகும். எல்லாம் ஈரம் காயறதுக்குள்ள சேந்துடணும். காஞ்சு போச்சுன்னா கஷ்டந்தான்."

ஈரம் காய்வதற்குள்! கிழவி சொன்ன இந்த ஒரு வார்த்தையைப் பற்றி விஞ்ஞானிகள் எத்தனையோ ஆண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். பிரான்ஸ் தேசத்தில் தூர் நகருக்கு அருகே நூஸிலி என்னும் இடத்தில் சர்க்கார் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே பாஸ்கல் புவாந்திரோன், ப்ரெடெரிக் லெவி முதலியவர்கள் செம்மறி ஆடுகளின் தாய்மையையே தங்கள் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டது என்ன தெரியுமா? பனிக்குடத்து நீரின் வாசனை மற்றச் சமயங்களில் பெண் ஆட்டுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்த நீர் பட்ட தீவனத்தைக்கூட ஒதுக்கிவிடும். ஆனால் குட்டி போடுகிற அந்த வேளையில் மட்டும் அதே வாசனை அதற்குப் பரம ருசியாகிவிடுகிறது. குட்டியை நக்குகிறது. நக்க நக்க அந்தக் குட்டிக்கே உரிய வாசனை மூளையில் பதிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் குட்டிக்கு மட்டுந்தான் மடி. வேறு எந்தக் குட்டி வந்தாலும் முட்டுத்தான்.

பிறந்தவுடன் குட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சில மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து விட்டால், பல ஆடுகள் அதை யாரோ என்று பார்க்கின்றன. ஈரம் காய்ந்துவிட்டது! 

தாய்மை என்பதற்கு இவ்வளவு குறுகலான ஒரு வாசல் இருக்கிறதென்றால், அந்த வாசலில் யாராவது குறுக்கே நின்றுவிட்டால் என்ன ஆகும்? உதாரணமாக, ஒரு மருந்து?

வலி இல்லாவிட்டால் பாசம் இல்லையா?

இந்தக் கேள்வி பெண்களுக்குப் புதியதல்ல. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்ஸன் என்ற டாக்டர் பிரசவத்துக்குக் குளோரோபாரம் கொடுக்க ஆரம்பித்தபோது, சமயவாதிகளில் சிலர் சண்டைக்கு வந்தார்கள். வலியோடு பெறுவதுதான் பெண்ணுக்கு ஆண்டவன் விதித்தது, அதில் டாக்டருக்கு என்ன வேலை என்பது அவர்கள் கட்சி. 1853-ல் விக்டோரியா மகாராணி இளவரசர் லியோபோல்டைப் பெற்றபோது, ஜான் ஸ்னோ என்ற டாக்டரை வரவழைத்துக் குளோரோபாரம் முகர்ந்தார். அதோடு வாய்கள் கொஞ்சம் அடங்கின. மகாராணியைக் கேள்வி கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆனால் தென் ஆப்பிரிக்காவில் ஒருவர் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். அவர் யூஜீன் மரே (1871-1936). வக்கீலுக்குப் படித்தவர், கவி, பத்திரிகைக்காரர். கறையான் புற்றுகளைப் பற்றி ஓர் அருமையான புத்தகம் எழுதியவர். அவர் தாமே மார்பியாப் பழக்கத்தில் சிக்கித் தவித்தவர் என்பது ஒரு சோகமான செய்தி. அவர் பாதி காட்டுத்தனமான மான் மந்தை ஒன்றில் பரிசோதனை செய்தார். பல ஆண்டுகளாக அந்த மந்தையில் ஒரு தாய்கூடத் தன் குட்டியைத் தள்ளியதில்லையாம். பிரசவ சமயத்தில் சில தாய்களுக்குக் குளோரோபாரமும் ஈதரும் கொடுத்து நினைவில்லாமல் செய்தார். அவை விழித்த பிறகு தங்கள் குட்டிகளை ஏற்க மறுத்துவிட்டன. பிரசவம் ஆன பின்பு, குட்டியைப் பார்ப்பதற்கு முன் மருந்து கொடுத்த தாய்களோ குட்டிகளைச் சேர்த்துக்கொண்டன.

மரே என்ன முடிவு செய்தார்? 'பிரசவ வேதனைதான் தாய்ப்பாசத்தைத் திறந்துவிடும் சாவி' என்று. கேட்பதற்கு எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! 'வலிச்சுப் பெத்தால்தான் பாசம்' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பேசுவதும் இதுதான். வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்த மருமகளைப் பார்த்து, "அவளுக்கு என்ன, நோவு தெரியாமப் பெத்தவ" என்று ஒரு சொல் சொல்லும் மாமியார்கள் இன்றும் இல்லாமல் போகவில்லை. அந்தச் சொல்லைக் காதில் வாங்கிய பெண்களில் எத்தனை பேர் இராத்திரியில் தூங்காமல், நமக்கு உண்மையிலேயே பாசம் குறைவோ என்று குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்! ஆகவே மரேயின் முடிவு சரிதானா என்று பார்ப்பது வெறும் மான் ஆராய்ச்சி அல்ல.

சரியில்லை. அவர் கண்டது நிஜம், காரணம் வேறு.

1983-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பாரி கெவர்ன் என்பவரும் நூஸிலிக்காரர்களும் சேர்ந்து அதைக் காட்டினார்கள். குட்டி வெளியே வருகிறபோது பிறப்பு வழி விரிகிறது அல்லவா? அந்த விரிவை நரம்புகள் முதுகுத்தண்டின் வழியாக மூளைக்குத் தந்தி அடிக்கின்றன. பிரசவமே ஆகாத, ஆனால் ஹார்மோன்கள் ஏற்கெனவே தயார் செய்த பெண் ஆட்டுக்கு, அந்த நரம்புகளைச் செயற்கையாகச் சில நிமிஷம் தூண்டிவிட்டார்கள். உடனே அது முன்பின் தெரியாத குட்டியை நக்க ஆரம்பித்துவிட்டது. குட்டி போட்டுத் தன் குட்டியோடு ஒட்டிக்கொண்ட ஆட்டைக்கூட, இப்படித் தூண்டிவிட்டால் இரண்டாவதாக ஒரு குட்டியையும் ஏற்றுக்கொண்டது. வலி வேண்டியிருக்கவில்லை. செய்தி மூளைக்குப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

1987-ல் அடுத்த படி. இப்போது நகரத்து ஆஸ்பத்திரிகளில் பிரசவ வலி தெரியாமல் முதுகுத்தண்டருகில் ஊசி போடுகிறார்களே, அதே மாதிரி ஊசியை ஆடுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிரசவத்தின் ஆரம்பத்திலேயே ஊசி போட்ட ஆடுகள் குட்டியை நக்குவதில் தடுமாறின. அதிலும் தலைச்சன் ஈற்று ஆடுகளே அதிகம் தடுமாறின. ஏற்கெனவே குட்டி போட்டு வளர்த்த ஆடுகளுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. தந்திக் கம்பியை மருந்து மரக்கச் செய்துவிட்டது, சேதி போகவில்லை. ஆனால் பழைய அனுபவமுள்ள தாய்க்குச் சேதி அரைகுறையாக வந்தாலும் போதும், மிச்சத்தை அவளே புரிந்துகொள்ளுகிறாள்! 1992-ல் லெவியும் கெவர்னும் அவர்கள் கூட்டாளிகளும், இப்படி ஊசி போட்ட அனுபவமில்லாத ஆடுகளின் மூளைக்குள் ஒரு குறிப்பிட்ட ஹார்மோனைச் செலுத்தினார்கள். ஆடுகள் குட்டியை நக்கத் தொடங்கின.

அந்த ஹார்மோனின் பெயர் ஆக்ஸிடோசின். 

மாட்டுக் கொட்டிலில் மகாத்மா

ஆக்ஸிடோசினை நம் வீட்டுப் பெண்களில் பலருக்குப் பெயர் தெரியாமலே பழக்கமுண்டு. பிரசவ அறையில் வலி வருவதற்காக ஏற்றுகிறார்களே, அந்த 'டிரிப்' பெரும்பாலும் இதுதான். 1906-ல் ஹென்றி டேல் என்ற இங்கிலீஷ் விஞ்ஞானி, மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பியின் சாரத்துக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் சக்தி உண்டென்று கண்டார். 1953-ல் அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ அதைப் பரிசோதனைச் சாலையிலேயே தயாரித்துக் காட்டினார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழந்தை வெளியே வருவதற்கும், பால் இறங்குவதற்கும், பிள்ளையை நக்கவேண்டும் அணைக்கவேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்கும் ஒரே சரக்கு! இயற்கையின் சிக்கனத்தைப் பாருங்கள்.

மாடு வைத்திருக்கிறவர்களுக்குப் பால் இறங்குவதன் ரகசியம் நன்றாகத் தெரியும். கன்று வந்து முட்டினால்தான் பசு பால் விடும். கன்று செத்துப்போனால், அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். அது நக்கிக்கொண்டே நிற்கும், இவர்கள் கறந்துகொள்வார்கள். புது ஆள் கறக்க வந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். இதற்கும் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1941-ல் அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஈலி, பீட்டர்ஸன் என்ற இருவர், கறக்கும் சமயத்தில் பசுவின் முதுகில் ஒரு பூனையை விட்டு, பக்கத்தில் காகிதப் பைகளைப் 'பட் பட்'டென்று வெடித்தார்களாம். பசு பால் விடவில்லை. பூனையின் அபிப்பிராயம் என்னவென்று தெரியவில்லை! பயத்தில் சுரக்கும் அட்ரினலின், ஆக்ஸிடோசின் வேலையைத் தடுத்துவிடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பாலூட்டும் பெண்ணின் எதிரே நின்று அதட்டுகிறவர்களும் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ரகசியத்தை மனிதர்கள் கொடுமைக்கும் பயன்படுத்தினார்கள். 'பூக்கா' என்று ஒரு பழக்கம் கல்கத்தா முதலிய இடங்களில் இருந்தது. கன்றில்லாத பசுவின் பின்புறத்தில் குழல் வைத்துக் காற்றை ஊதுவார்கள். வேதனையில் பசு நெளியும், பாலும் இறங்கும். பிறப்பு வழியின் நரம்புகளைத் தூண்டினால் மூளை ஏமாந்து, கன்று பிறந்ததென்று நினைத்துக்கொள்ளுகிறது. கேம்பிரிட்ஜில் 1983-ல் கண்டதன் அடிப்படையை நம் பால்காரர்கள் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்து, மிகக் கேவலமான காரியத்துக்கு உபயோகித்துக்கொண்டிருந்தார்கள்!

காந்தி மகான் தென் ஆப்பிரிக்காவில் இருந்தபோது இந்தக் கொடுமையைப் பற்றிப் படித்து மனம் வெறுத்தார். 1912-ல் பாலையே விட்டார். பிறகு கடும் நோயில் படுத்தபோது, பால் குடித்தாலன்றி உடம்பு தேறாது என்று டாக்டர் சொல்ல, அவர் விரதத்தைச் சொல்லி மறுத்தார். பக்கத்திலிருந்த கஸ்தூரிபா, பசுவுக்கும் எருமைக்கும் நேர்வதை நினைத்துத்தானே விரதம், ஆட்டுப் பாலுக்கு என்ன ஆட்சேபம் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி தேசத்துக்கு அவரை மீட்டுக் கொடுத்தது. ஆனாலும் விரதத்தின் உயிரை விட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டோமே என்று அவர் பின்னால் வருந்தி எழுதியிருக்கிறார்.

பூக்காவைத் தடுக்கும் சட்டம் 1960-ல் வந்த பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு மூல காரணம் ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்த நம் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைக்கிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்கவேண்டும். அதே பிரிவு, பால் பெருக்குவதற்காக மாட்டின் ஆரோக்கியத்தைக் கெடுக்கும் ஊசிகளையும் தடுக்கிறது.

அப்படியும் குழல் போய் ஊசி வந்தது. மருந்துக் கடையில் மலிவாகக் கிடைத்த ஆக்ஸிடோசினை வாங்கி, வேளா வேளைக்கு மாட்டுக்குப் போடத் தொடங்கினார்கள் பலர். கன்று எதற்கு, ஊசி இருக்கும்போது? இதைத் தடுப்பதற்காக மத்திய சர்க்கார் 2018 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. தனியார் கம்பெனிகள் உள்நாட்டு உபயோகத்துக்கு இந்த மருந்தைத் தயாரிக்கக் கூடாது. கர்நாடகத்தில் உள்ள ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனந்தான் தயாரிக்கலாம் என்பது உத்தரவு. மாட்டின் மேல் கருணை நல்லதுதான். ஆனால் பிரசவித்த பெண்ணுக்கு இரத்தப் பெருக்கு நிற்காமல் போனால் உயிர் காக்கும் முதல் மருந்து இதே ஆக்ஸிடோசின் அல்லவா? ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பி, மருந்து ஒரு நாள் தட்டுப்பட்டால் என்ன கதி என்று டாக்டர்களும் பொதுநல அமைப்பினரும் கேட்டார்கள். 2018 டிசம்பர் 14-ந் தேதி டில்லி ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. பசுவுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஹார்மோன் என்பது கோர்ட்டிலே வந்து நின்ற விசித்திரத்தைப் பாருங்கள்!

ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடித்தால் பெண் குழந்தைகள் சீக்கிரம் பெரியவளாகிவிடுவார்கள் என்று ஒரு பீதி உலவுகிறது. ஆக்ஸிடோசின் புரதத்தைப் போன்ற சிறு பொருள். வயிற்றுக்குள் போனால் ஜீரணமாகிவிடும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய போஷாக்கு நிறுவனத்தார் ஆராய்ந்து, அந்தப் பீதிக்கு ஆதாரமில்லை என்றே சொன்னார்கள். கஷ்டம் மாட்டுக்குத்தான்.

எலிக் கூட்டில்

இனி எலிகளிடம் போவோம். முகத்தைச் சுளிக்காதீர்கள், தாய்மையைப் பற்றி விஞ்ஞானத்துக்குத் தெரிந்ததில் பாதி எலி சொல்லிக் கொடுத்தது. எலித்தாய் கூடு கட்டும். சிதறிய குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவரும். நக்கிச் சுத்தம் செய்யும். முதுகை வளைத்து மேலே கவிந்து நின்று பால் கொடுக்கும். இந்த நான்கையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்துவிடலாம். 

அமெரிக்காவில் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் ஜே ரோஸன்பிளாட், டெர்க்கெல் என்பவர்கள், அப்போதுதான் குட்டி போட்ட எலியின் இரத்தத்தைக் கன்னி எலிக்குச் செலுத்தினார்கள். ஒரு நாளுக்குள் அந்தக் கன்னி எலி யாரோ பெற்ற குஞ்சுகளைக் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டது! 1979-ல் வட கரோலினாவில் பெடர்ஸன், பிராஞ்ச் என்ற இருவர், இரத்தம்கூட வேண்டாம், மூளைக்குள் ஆக்ஸிடோசின் செலுத்தினாலே கன்னி எலி தாயாகிவிடுகிறது என்று காட்டினார்கள்.

ஏற்றுகிற மருந்துகளைக் கண்டாயிற்று. இறக்குகிற மருந்துகள்?

அபினியின் சாரமாகிய மார்பியா முதலாவது. 1982-ல் ராபர்ட் பிரிட்ஜஸும் அவர் கூட்டாளியும், தாய்மைக்கு உடம்பு தயாராகியிருந்த எலிகளுக்கு மார்பியா கொடுத்தார்கள். குஞ்சு பக்கத்தில் கிடந்தாலும் அவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மார்பியாவுக்கு மாற்று மருந்தான நாலோக்ஸோனைச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்மை திரும்பிற்று. எலி மயங்கிக் கிடந்ததனால் அல்ல, மார்பியா மூளையில் பிடித்த இடத்தினால்தான் இப்படி என்பது இதனால் தெளிவாயிற்று. (அபினி என்றதும் ஒரு பழைய செய்தி நினைவு வருகிறது. 1920-களில் பம்பாய் மில்களில் வேலை செய்த ஏழைத் தாய்மார், வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தை தூங்கிக் கிடக்க அபினி உருண்டை கொடுப்பது வழக்கமாக இருந்தது. பாசம் இல்லாமலா? கூலி போய்விடுமே என்று!)

அடுத்தது கொகேயின். ஜோஸபின் ஜான்ஸ் என்ற அம்மையார் வட கரோலினா சர்வகலாசாலையில் பல வருஷங்கள் இதையே ஆராய்ந்தார். எலிகளுக்குக் கர்ப்ப காலம் மூன்று வாரம். அந்தக் காலம் முழுவதும் கொகேயின் கொடுத்து, பிரசவத்தோடு நிறுத்திவிட்டார். குஞ்சு பிறந்த பின் மருந்தே கிடையாது. அப்படியிருந்தும் அந்தத் தாய்கள் குஞ்சுகளின் மேல் கவிந்து பாலூட்டுவதில் குறை வைத்தன. கூடு கட்டுவதிலும் மந்தம். ஆனால் கூட்டுக்குள் அந்நியன் நுழைந்தால் சண்டைக்குப் பாய்வது மட்டும் ஒரு கட்டத்தில் அதிகமாகவே இருந்தது. அவற்றின் மூளையைச் சோதித்தபோது, தாய்மைக்குரிய பகுதிகளில் ஆக்ஸிடோசின் குறைந்திருக்கக் கண்டார்கள். மருந்து போய்விட்டது, அது மிதித்த தடம் போகவில்லை.

இங்கே ஒரு சிக்கல். குஞ்சும் கருப்பையில் அதே விஷத்தைக் குடித்ததுதானே? குரல் மெலிந்து, மணம் மாறி, அது சரியாகக் கூப்பிடாததால் தாய் வரவில்லையோ? யார் மேல் குற்றம்? இதைப் பிரித்துப் பார்க்கக் குஞ்சுகளை மாற்றி வளர்த்தார்கள். மருந்துண்ட தாயிடம் நல்ல குஞ்சு. நல்ல தாயிடம் மருந்து பட்ட குஞ்சு. இரண்டு பக்கமும் குறை இருப்பது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது, இதுதான் மனத்தை உறுத்துவது. கருவிலே மருந்து பட்ட பெண் குஞ்சுகள், தாங்கள் ஒரு நாளும் மருந்து உண்ணாமலே வளர்ந்து தாயானபோது, அவற்றின் தாய்மையிலும் கோளாறு தென்பட்டது. சாராயத்தைப் பற்றியும் 1985-ல் பாரன், ரைலி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே மாதிரி கண்டிருக்கிறார்கள். பாட்டி குடித்தாள், பேத்தியின் கூடு கலைந்தது.

மூன்றாவது வகை, மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள். இவற்றைக் கொடுத்த எலித்தாய் குஞ்சைக் கவ்வப் போகாது, கூடு கட்டாது. ஆனால் குஞ்சுகளைக் கொண்டுபோய் அதன் வயிற்றடியில் விட்டால் பால் கொடுக்கிறது! பாசம் அற்றுப்போகவில்லை, எழுந்து போய்ச் செய்யும் உந்துதல்தான் அடங்கியிருக்கிறது. இதைப் படித்தபோது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு குழந்தை பெற்ற பெண்ணைச் 'சோம்பேறி' என்று திட்டும் வீடுகள் நினைவுக்கு வந்தன.

எலி வேறு, பெண் வேறு

இதையெல்லாம் படித்துவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! கர்ப்ப காலத்தில் மன நோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் வரும் ஆபத்து பெரிது. எந்த மருந்தை மாற்றலாம், எதைக் குறைக்கலாம் என்பது டாக்டரோடு உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம். பிராணிகளில் கண்டது அப்படியே மனிதருக்கு வரும் என்பதற்கில்லை. வராது என்பதற்கும் இல்லை. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் மருந்தைக் கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்டார்கள். 1961-ல் அதை நிறுத்துவதற்குள் சுமார் 10,000 குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்துவிட்டன. பிறகு பரிசோதித்தபோது எலிக்குட்டிகளுக்கு அந்த ஊனம் வரவில்லை, முயல்குட்டிகளுக்கு வந்தது. எலியை மட்டும் கேட்டால் எலி சரி என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆடு வளர்க்கிறவர்களுக்கும் இதில் உண்டு. சினைபிடித்த புதிதில் ஆல்பெண்டஸோல் என்ற குடல்புழு மருந்தைக் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம். சினை முற்றிய காலத்தில் டெக்ஸாமெதஸோன் போன்ற ஊசி போட்டால், நாளாகுமுன்பே பிரசவம் வந்துவிடும். பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார் என்று போடாமல், சினை ஆடு என்பதைச் சொல்லிக் கால்நடை டாக்டரைக் கேட்பது நல்லது.

முதுகில் ஊசி போட்டுக்கொண்டு பெற்ற பெண்ணின் கதைக்கு வருவோம். ஆட்டுக்கு இரண்டு மணி நேர வாசல் உண்டு. மூக்குத்தான் அதன் சாவி. மனுஷிக்கு அப்படியொரு வாசல் சாத்திக்கொள்வதில்லை. பத்து மாதம் வயிற்றைத் தடவிப் பார்த்துப் பேசியவள், பெயர் யோசித்தவள், ஊசியினால் அதை மறந்துவிடுவாளா? ஆபரேஷனில் மயக்கம் தெளிந்து ஆறு மணி நேரம் கழித்துக் குழந்தையைப் பார்த்தவளும், கண்ணாடிப் பெட்டியில் வைத்த குறைமாதக் குழந்தையை ஒரு வாரம் கழித்துத் தொட்டவளும் தாய்தான். முதல் நாளே உள்ளம் பொங்கவில்லையே என்று கலங்குகிறவர்களுக்கு, அது பலருக்குச் சில நாட்கள், சில வாரங்கள் கழித்து வருவதே வழக்கம் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். வாரக் கணக்கில் துக்கமும் வெறுப்புமாகவே இருந்தால் மட்டும், அது பிரசவத்துக்குப் பின் வரும் மன நோயாக இருக்கலாம், வைத்தியம் உண்டு.

ரோஸன்பிளாட் 1967-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைச் சொல்லாமல் விட முடியாது. ஹார்மோன் இல்லை, இரத்தம் ஏற்றவில்லை. குட்டியே போடாத எலிகளின் கூண்டில் தினமும் பிறர் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டார். முதல் நாள் அவை பயந்து மூலையில் ஒதுங்கின. இரண்டாம் நாள் முகர்ந்து பார்த்தன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் நக்கவும், கவ்விக் கூட்டில் சேர்க்கவும், பால் சுரக்காத மடியோடு மேலே கவிந்து படுக்கவும் தொடங்கிவிட்டன. பழக்கத்தினால் மட்டும்!

ஆண் எலிகளையும் அவர் அப்படியே வைத்துப் பார்த்தார். அவையும் குஞ்சுகளைக் கவ்விக் கொண்டுவந்து கூட்டில் சேர்த்து, நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதற்கும் ஏறக்குறைய அதே ஒரு வாரந்தான் ஆயிற்றாம். இந்தப் பாராவை மட்டும் கத்தரித்து, வீட்டில் ஐயா பத்திரிகை படிக்கிற நாற்காலியின் மேல் வைத்துவிடலாம்.